செம்பொத்தைக்கு வந்த படகு

செம்பொத்தைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொய் பேச மாட்டார்கள். அடுத்தவன் வயலில் மாட்டை விட மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். இந்தக் கடைசிக் குணம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவர்களுக்கும் சுகம், பக்கத்து ஊர்களுக்கும் சுகம்.

ஊர் இருப்பது பெரியகுளத்தின் மேலக்கரையில். பஸ் போகிற ரோடும் கடைத்தெருவும் கீழக்கரையில். நடுவே ஒரு தரைப்பாலம். ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு தை மாதம்தான் தலையைக் காட்டும். அதுவரைக்கும் மலையடிவாரத்தைச் சுற்றிப் போகிற இருபது கிலோமீட்டர் சுற்று ரோடுதான் கதி.

அந்த வருஷம் கார்த்திகையில் ஆவுடையப்பன் தன் மகள் வடிவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளை திருமலைக்கொழுந்துக்குக் கீழக்கரைக்கும் அப்பால் ஓர் ஊர். நிச்சயம் பண்ண வந்த அன்றே மாப்பிள்ளையின் தாய்மாமன் குளத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பாலம் முங்கிட்டா நாங்க எப்படி வர?"

வடிவுக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்தக் கேள்வியில்தான் தட்டிப் போயின. ஆவுடையப்பன் பதறிப்போய் எழுந்து நின்றார்.

"உங்களைப் படகுல வச்சுக் கூட்டிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டார்.

சொல்லியாயிற்று. ஊரில் படகு கிடையாது. ஊர் கூடிப் பேசி, கடற்கரையில் ஒரு பட்டறையில் ஃபைபர் படகு ஒன்றுக்குச் சொல்லி வைத்தது. படகு தயாரானது கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அதை எடுத்துவர மூன்று பேர் கிளம்பினார்கள். டிராக்டரை ஓட்டியது ஆவுடையப்பன். யோசனை சொல்ல அவருடைய மச்சினன் உச்சிமாகாளி. கயிறு கட்ட, அடுத்த வீட்டுக் கோமதிநாயகம்.

பட்டறைக்காரி பனிமயம் கெட்டிக்காரி. படகையும், அதை ஏற்றிப்போக ரெண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றையும் தயாராக வைத்திருந்தாள். அவளும் அவள் ஆட்களுமாகப் படகைத் தூக்கி ட்ரெய்லரில் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவசரம். இன்னொரு படகுக்குப் பிசின் கலக்கி வைத்திருந்தாள். உடனே பூசாவிட்டால் வாளியிலேயே கல்லாகிவிடும்.

"அண்ணாச்சி, நீங்களே கட்டிருங்க. படகு ஒரு இம்மி அசையக் கூடாது. அசைஞ்சா ரோட்டுல கிடக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கோமதிநாயகம் படகை ட்ரெய்லரோடு சேர்த்து நன்றாகத்தான் கட்டினான். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அசைந்தது.

"படகு அசையலை. ட்ரெய்லர் அசையுது. அதோட சேர்ந்து படகும் அசையுது" என்றான் உச்சிமாகாளி.

"அப்ப ட்ரெய்லரையும் எதுலயாவது கட்டணும்."

"எதுல கட்ட?"

"அசையாததுல."

மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு தென்னை மரம் நின்றது. உச்சிமாகாளி அதைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. ட்ரெய்லரைத் தென்னையோடு எட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கினார்கள். இப்போது மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் படகு ஓர் இம்மி அசையவில்லை. ஆவுடையப்பனுக்கு ரொம்பத் திருப்தி. டிராக்டரைக் கொண்டுவந்து கொக்கியை மாட்டி, கியரைப் போட்டார்.

சத்தம் கேட்டுப் பனிமயம் வெளியே வந்தபோது டிராக்டரின் சக்கரம் பாதி மணலுக்குள் இருந்தது. தென்னை, கும்பிடுகிற மாதிரி வளைந்து நின்றது. மேலேயிருந்து ரெண்டு தேங்காய் விழுந்தது.

"எதுக்கு மரத்துல கட்டினிய?"

"நீங்கதானக்கா அசையக் கூடாதுன்னு சொன்னிய" என்றான் கோமதிநாயகம். "பாருங்க, டிராக்டர் வச்சு இழுத்தும் அசையலை."

பனிமயம் கையில் பிசினோடு உட்கார்ந்து எல்லாக் கயிற்றையும் அவிழ்த்தாள். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ரெண்டு கட்டு, குறுக்கே ஒன்று என்று தானே கட்டி முடித்தாள். பிறகு எழுந்து, பச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"புதுக் கயிறு. வண்டி ஓட ஓட நீளும். அதனால பத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திக் கட்டைப் பாருங்க. ஊர் போய்ச் சேருத வரைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டை அவிழ்த்துராதிய. படகுக்குள்ள ஒருத்தரும் உட்காரக் கூடாது. படகுக்குப் பின்னால ஒரு சிவப்புத் துணி கட்டிக்கிடுங்க, வாரவன் பார்த்து வரட்டும். இந்தா, இந்தச் சங்கிலி பாதுகாப்புக்கு. மறக்காமப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

மூவரும் தலையை ஆட்டினார்கள். பிசின் வாளி உள்ளே புகையத் தொடங்கியிருந்தது, பனிமயம் ஓடினாள்.

மூவரும் அவள் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. டிராக்டரையும் ட்ரெய்லரையும் பிணைக்க வேண்டிய சங்கிலியை ஆவுடையப்பன் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். எட்டுக் கிலோ இருக்கும். "கனமாத்தான் இருக்கு. ஆனா பாதுகாப்புன்னா அப்படித்தான்" என்றார்.

சிவப்புத் துணியில்தான் விவாதம் வந்தது.

"படகுலயா கட்டச் சொன்னாங்க?" என்று கேட்டான் உச்சிமாகாளி.

"இல்லை. படகுக்குப் பின்னால."

படகுக்குப் பின்னால் பட்டறையின் இரும்புக் கேட் இருந்தது. கோமதிநாயகம் துணியோடு அங்கே போனான். உச்சிமாகாளி தடுத்தான்.

"அறிவிருக்காலே? வண்டி போனா கேட் கூட வருமா?"

அதுவும் சரிதான். கேட் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. உச்சிமாகாளி அதற்கு ரெண்டு பொறை பிஸ்கட் போட்டுப் பார்த்தான். எழுந்து பின்னாலேயே வந்தது. அதன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டினான்.

"இது வரும்" என்றான்.

வண்டி கிளம்பியது. ஆவுடையப்பன் ஓட்டினார். டிராக்டர் மட்கார்டில் ஓராள்தான் உட்காரலாம்; கோமதிநாயகம் அதில் உட்கார்ந்தான். வரும்போது பின்கொக்கியில் நின்று வந்த உச்சிமாகாளிக்கு இப்போது இடமில்லை. படகுக்குள் உட்காரக் கூடாது. ஆகவே அவன் படகுக்குள் ஏறி நின்றுகொண்டான்.

பத்துக் கிலோமீட்டர் ஆனதும் ஆவுடையப்பன் வண்டியை நிறுத்தினார். ரெண்டு பேரும் இறங்கிக் கட்டைப் பார்த்தார்கள். முன்கட்டைப் பார்த்தார்கள், பின்கட்டைப் பார்த்தார்கள், குறுக்குக் கட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு அண்ணாச்சி. லேசாத் தளர்ந்திருக்கு."

"பார்த்தாச்சுல்லா? ஏறு."

இருபதாவது கிலோமீட்டரிலும் நிறுத்திப் பார்த்தார்கள். கயிறு தொட்டில் மாதிரித் தொங்கியது.

"இறுக்கலாமா?" என்றான் கோமதிநாயகம்.

"இறுக்கணும்னா முதல்ல அவிழ்க்கணும். அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றார் ஆவுடையப்பன். பிறகு, எதையோ மறந்த மாதிரி படகைச் சுற்றி வந்தார். "ஏல, உச்சிமாகாளியை எங்க?"

"அவனைப் பார்க்கச் சொல்லலையே அண்ணாச்சி, கட்டைத்தான பார்க்கச் சொன்னாங்க."

அரை மணி நேரம் கழித்து உச்சிமாகாளி ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வழியில் ஒரு புளியமரக் கிளை தாழ்வாக இருந்திருக்கிறது. முகத்தில் அடிக்காமல் இருக்க அதைப் பிடித்திருக்கிறான். படகு போய்விட்டது. கிளை போகவில்லை.

"கூப்பிட வேண்டியதுதானே மாப்ள?"

"கூப்பிட்டேன் அத்தான். நாய்தான் நின்னு பார்த்துச்சு. பிறகு அதுவும் வீட்டுக்குத் திரும்பிட்டுது."

ரோடு பிரிகிற அடுத்த விலக்கில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டியைச் சுற்றி வந்தார்.

"பின்னால சிவப்புத் துணி எங்க?"

"நாயிட்ட இருக்கு" என்றான் கோமதிநாயகம்.

போலீஸ்காரர் எழுத எடுத்த நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு ஆவுடையப்பனின் கழுத்தைப் பார்த்தார். "இது என்ன சங்கிலி?"

"பாதுகாப்புக்கு ஐயா."

"யாருக்கு?"

"அதைச் சொல்லலை ஐயா. போட்டுக்கிடச் சொன்னாங்க."

போலீஸ்காரருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போங்க" என்றார்.

சாயங்காலம் ஒரு மேட்டில் ஏறும்போது, நடக்க வேண்டியது நடந்தது. தளர்ந்த கயிறு நழுவி, படகு மெல்லப் பின்னால் சரிந்து, பின்பாகம் ரோட்டில் இறங்கிவிட்டது. முன்கட்டு மட்டும் விடவில்லை. படகு தரையில் கரகரவென்று உராய்ந்துகொண்டே வந்தது. உள்ளே உச்சிமாகாளி முன்முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சாய்ந்தபடி, ஆனால் நின்றபடி வந்தான்.

எதிரே வந்த லாரிக்காரன் கத்தினான். "யோவ், படகு கீழ வருது!"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். "ஆமா தம்பி. நம்ம படகுதான்" என்றார் பெருமையாக.

மேட்டின் உச்சியில் டீக்கடை ஒன்று இருந்தது. அங்கே இருந்த பத்துப் பேர் சேர்ந்து படகைத் தூக்கி ட்ரெய்லரில் வைத்தார்கள். படகின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஃபைபர் தேய்ந்து, வெளிச்சம் தெரிந்தது. கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது, படகுக்காக இல்லை.

"கட்டை அவிழ்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களே அண்ணாச்சி. அவிழ்ந்து போச்சே."

"நாம அவிழ்க்கலை. அதுவா அவிழ்ந்தா அது அதோட பொறுப்பு" என்று ஆவுடையப்பன் தேற்றினார்.

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த கயிற்றோடு டீக்கடையின் கொடிக்கயிற்றையும், ஒரு பழைய கிணற்றுக் கயிற்றையும் வாங்கி, இருட்டும் வரைக்கும் கட்டினான். முடித்தபோது, நடுவில் ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். அன்று டீக்கடையிலேயே படுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பெரியகுளத்தின் கீழக்கரையில் வந்து சேர்ந்தார்கள். குளம் நிறைந்து தளும்பியது. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் பட்டும் ஜரிகையுமாகக் கரையில் நின்றார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட வேன் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தது. எதிர்க்கரையில் பந்தல் தெரிந்தது. நாதஸ்வரம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. முகூர்த்தம் பத்தரை வரைக்கும்.

"படகு வந்துட்டுது மாமா!" என்று மாப்பிள்ளை திருமலைக்கொழுந்து சந்தோஷமாகச் சொன்னான். "இறக்குங்க, போவோம்."

கோமதிநாயகம் முதல் முடிச்சில் கை வைத்தான். உச்சிமாகாளி அவன் கையைப் பிடித்தான்.

"பொறு. அந்தம்மா என்ன சொன்னாங்க? ஊர் போய்ச் சேருத வரைக்கும் அவிழ்க்கக் கூடாது."

"சேர்ந்தாச்சே."

"எங்கலே சேர்ந்தோம்? இது கீழக்கரை. ஊர் அந்தா இருக்கு."

எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்தார்கள். ஊர் அங்கேதான் இருந்தது.

தாய்மாமன் பொறுமையாகத்தான் சொன்னார். "ஐயா, அவிழ்த்தாத்தான படகு ஊருக்குப் போகும்?"

"ஊருக்குப் போனாத்தான அவிழ்க்கலாம்?" என்றார் ஆவுடையப்பன்.

"அவிழ்க்காம எப்படிய்யா போகும்?"

"போகாம எப்படி அவிழ்க்க?"

இப்படியே ஒரு கால் மணி நேரம் போயிற்று. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தாய்மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"திருமலை, வாலே வீட்டுக்கு. இவங்க படகை அவிழ்க்க ஒரு நாள், தாலி கட்ட ஒரு வருஷம் ஆகும். நமக்கு வேண்டாம் இந்தச் சம்பந்தம்."

திருமலைக்கொழுந்து நகரவில்லை. எதிர்க்கரைப் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆவுடையப்பன் கழுத்துச் சங்கிலியோடு ட்ரெய்லர் சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. வடிவு.

"அப்பா, மணி எட்டே முக்கால் தாண்டிட்டுது. படகு வந்துட்டுதா?"

"படகு வந்துட்டுதும்மா. ஊர்தான் இன்னும் வரலை."

வடிவு இருபத்து மூன்று வருஷமாக அவருக்கு மகளாக இருப்பவள். காரணம் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, படகை அங்கனயே விட்டுருங்க. எல்லாரையும் டிராக்டர்ல ஏத்திச் சுத்து ரோட்டுல கூட்டிட்டு வாங்க. ஒரு மணி நேரத்துல வந்துரலாம்."

"சுத்து ரோடு சரிம்மா. ஆனா படகுல வச்சுக் கூட்டிட்டு வாரேன்னு வாக்குக் கொடுத்திருக்கேனே."

சொல்லி முடிக்கும்போதே ஆவுடையப்பன் தானாகவே நிமிர்ந்தார். முகம் தெளிந்தது.

"ஏல கோமதி, எல்லாரையும் படகுல ஏத்து!"

திருமலைக்கொழுந்துதான் முதலில் ஏறினான். மாப்பிள்ளை ஏறிவிட்டதால் மற்றவர்களுக்கும் வழியில்லை. பதினோரு பேரும் படகுக்குள் நின்றுகொண்டார்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு. தாய்மாமன் உட்காரப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதில் திரும்ப எழுந்துவிட்டார். டிராக்டர் உறுமிக்கொண்டு, தளும்புகிற குளத்துக்கு முதுகைக் காட்டி, சுற்று ரோட்டில் ஏறியது.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித் தாய்மாமன் பிறகு யாரிடமும் பேசியதில்லை. உச்சிமாகாளி மட்டும் அனுபவசாலி. ஒவ்வொரு மரம் வரும்போதும் "குனிங்க!" என்று கத்தினான். பதினோரு பேரும் குனிந்தார்கள். மரம் போனதும் நிமிர்ந்தார்கள். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், இது ஏதோ புதுவிதமான வேண்டுதல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பத்து இருபதுக்குப் படகு செம்பொத்தைக்குள் நுழைந்தது. ஊரே எழுந்து நின்று குலவை போட்டது. மாப்பிள்ளை கசங்கின பட்டுவேட்டியும் தலை நிறைய வேப்பிலையுமாக இறங்கி, மணவறைக்கு ஓடி, பத்து இருபத்தெட்டுக்குத் தாலி கட்டினான். ஆவுடையப்பன் சங்கிலியைக் கழற்றாமலேயே அட்சதை போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது.

மாலை மாற்றி உட்கார்ந்ததும் வடிவு தலையைக் குனிந்தபடியே மெல்லக் கேட்டாள்.

"இருபது கிலோமீட்டரும் நின்னுக்கிட்டேவா வந்திய?"

"ஆமா. உட்காரக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றான் திருமலைக்கொழுந்து.

வடிவு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊருக்கு இவர் பொருத்தமான மருமகன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் சிரிப்பு பாதி, பெருமூச்சு பாதி.

திங்கட்கிழமை காலை ஊர் முழுக்கப் படகைச் சுற்றிக் கூடியது. ஊர் வந்து சேர்ந்தாயிற்று, இனிக் கட்டை அவிழ்க்கத் தடையில்லை. கோமதிநாயகம் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னே வந்தான். உச்சிமாகாளி எழுந்து ஒரு கேள்வி கேட்டான்.

"நேத்து பதினோரு பேரு இந்தப் படகுல வந்தாங்க. யாருக்காவது கால் நனைஞ்சுதா?"

"நனையலை" என்றது ஊர்.

"இதைத் தண்ணியில விட்டா நனையுமா, நனையாதா?"

ஊர் யோசித்தது. படகின் அடியில் இருந்த ஓட்டையையும் ஒருதரம் எட்டிப் பார்த்தது.

"நனையும்."

"அப்ப நல்லா ஓடிக்கிட்டு இருக்க படகை எதுக்கு அவிழ்த்துக் கெடுக்கணும்?"

ஊர் தலையை ஆட்டியது. அன்று முதல் தினமும் காலை எட்டு மணிக்குச் செம்பொத்தையிலிருந்து படகு கிளம்புகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காய்கறிக்காரிகள், தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து ஏறி நிற்கிறார்கள். ஓட்டுகிறவர் ஆவுடையப்பன்.

பத்து நாள் கழித்துப் பனிமயம் போன் பண்ணினாள். விற்ற படகைப் பற்றி விசாரிப்பது அவள் வழக்கம்.

"அண்ணாச்சி, படகு எப்படி ஓடுது?"

"அருமையா ஓடுது தங்கச்சி. தினம் நாற்பது பேரு போயிட்டு வாராங்க."

"தண்ணி கிண்ணி உள்ள வருதா?"

"ஒரு சொட்டு வரணுமே! உங்க கை ராசியான கை."

பனிமயத்துக்கு மனசு குளிர்ந்தது. "ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒன்றரை மணி நேரம்."

"ஒன்றரையா? அரை மைல் அகலக் குளம்னுதானே சொன்னிய? எதிர்க்காத்து அடிக்கோ?"

"காத்தெல்லாம் படகை ஒண்ணும் பண்ணலை தங்கச்சி" என்றார் ஆவுடையப்பன். "நடுவுல ரயில்வே கேட்டை அடைச்சுப் போட்டுருதான்."